ரேவத் மலையின் கனத்த கல்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறிய பட்டறை ஒன்றுக்குள் நுழைந்து, லேத் ஓடுவதைச் சற்று நேரம் நின்று பாருங்கள். சுழலும் எஃகுத் தண்டின் மேல் ஒரு சிறு துண்டு உராய்கிறது. எஃகு சுருள் சுருளாக உரிந்து, சூட்டினால் நீலம் பாய்ந்து, கீழே விழுகிறது. உரிப்பது எது? கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரியதான, சாம்பல் நிற முக்கோணத் துண்டு. பட்டறையில் அதற்குப் பெயர் 'டிப்'. பழைய கடைசல்காரர்கள் சிலர் 'விடியா' என்றும் சொல்வார்கள். தேய்ந்துபோன ஒன்றைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு கனமா என்று தோன்றும். அதன் பெரும்பகுதி டங்ஸ்டன் கார்பைடு.

அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் ஆவடி. 1965இல் 'விஜயந்தா' என்ற டாங்கி வெளிவந்தது அங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்துதான். அதன் பின் டி-72, அர்ஜுன், டி-90 என ஊர்திகளின் வரிசை நீண்டது. டாங்கியைத் துளைக்க வல்லது இன்னொரு டாங்கி எறியும் அம்பு போன்ற குண்டு. அதனுள்ளே இருக்கும் ஒல்லியான கம்பி டங்ஸ்டனோடு நிக்கலும் இரும்பும் கலந்து செய்யப்படுகிறது. வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் அதற்குள் வெடிமருந்து எதுவும் இல்லை. எடையும் வேகமுமே அதன் ஆற்றல். இக்கம்பிகளைச் செய்வதற்கென்றே 1980களின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளியில் ஒரு தொழிற்சாலை அமைந்தது. 'ஹெவி அல்லாய் பெனட்ரேட்டர் புராஜெக்ட்' என்று பெயர்.

பட்டறைக்கும் வேண்டும், படைக்கும் வேண்டும் என்றிருக்கும் இந்த உலோகத்தை நாம் எங்கிருந்து பெறுகிறோம்? இன்று இந்தியாவில் எந்தச் சுரங்கத்திலும் டங்ஸ்டன் தாது எடுக்கப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருவதையும், பழையதை உருக்கியோ கரைத்தோ மீட்பதையும் நம்பியே இருக்கிறோம். ஆனால் இரண்டு உலகப் போர்களின் காலத்திலும், பிறகு 1990களின் தொடக்கம் வரையிலும், நம் நாட்டிலேயே ஒரு டங்ஸ்டன் சுரங்கம் இருந்தது. அது ராஜஸ்தானில், ஜோத்பூரிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள டேகானா என்ற ஊரை அடுத்த ரேவத் மலை. மாவட்டத்தின் பெயர் நாகௌர். நம் நாகூருக்கும் அதற்கும் உறவில்லை.

அந்தச் சுரங்கத்தின் கதைக்குப் போகுமுன் அந்தக் கல்லைப் பற்றிச் சில செய்திகள்.

ஸ்வீடன் நாட்டு மொழியில் 'டங்' என்றால் கனம், 'ஸ்டன்' என்றால் கல். வேதியியலில் இதன் குறியீடு மட்டும் W. அது 'உல்ஃப்ரம்' என்ற ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது. வெள்ளீயத் தாதை உருக்கிய பழைய ஐரோப்பியச் சுரங்கத்தார் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டு அஞ்சினர். அது கலந்துவிட்டால் உலையில் ஈயம் குறைந்துபோகும். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல இது ஈயத்தைத் தின்கிறது என்று எண்ணி ஓநாயின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தக் கறுப்புக் கல்தான் உல்ஃப்ரமைட். இரும்பும் மாங்கனீசும் டங்ஸ்டனோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்தது. சுண்ணாம்பின் உலோகமான கால்சியத்தோடு டங்ஸ்டன் சேர்ந்தால் அது ஷீலைட் என்னும் வேறொரு தாது. 1781இல் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலார் அதிலிருந்து ஒரு புதிய அமிலத்தைப் பிரித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்பெயினில் எலுயார் சகோதரர்கள் உல்ஃப்ரமைட்டிலிருந்து உலோகத்தையே பிரித்தெடுத்தார்கள்.

பிரித்தார்களே தவிர, அதை வைத்து என்ன செய்வதென்று நெடுநாள் யாருக்கும் தெரியவில்லை. அது 3,400 டிகிரி செல்சியசுக்கும் மேலே சூடேற்றினால்தான் உருகும். உலோகங்களில் இதைவிட உயர்ந்த உருகுநிலை வேறெதற்கும் இல்லை. கனத்தில் தங்கத்துக்கு இணை. ஒரு கன சென்டிமீட்டர் 19 கிராமுக்கு மேல் நிறுக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இதை எஃகில் கலந்தால் என்ன ஆகும் என்பது விளங்கத் தொடங்கியது. 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். அமெரிக்காவின் டெய்லரும் வொய்ட்டும் செய்த உளி, செந்நிறமாகக் காய்ந்த நிலையிலும் கூர் மழுங்காமல் எஃகை வெட்டிக்கொண்டிருந்தது. பிறகு 18 விழுக்காடு டங்ஸ்டன் கலந்த 'ஹை ஸ்பீடு' எஃகு உலகெங்கும் பரவியது. கடைசல் வேலையின் வேகம் பல மடங்கு கூடிற்று. மின் விளக்கின் இழையாக டங்ஸ்டன் மாறியதும் அதை அடுத்த பத்தாண்டில்தான். நம் வீடுகளில் பல தலைமுறைகள் கண்ட மஞ்சள் குண்டு பல்பு அதன் வெளிச்சமே. ஆனால் ஒரு பல்புக்கு வேண்டியது மிகச் சிறிய அளவு. சுரங்கங்களைத் திறக்க வைத்தது உளி.

இனி பாறைக்கு வருவோம். ரேவத் மலை ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டான கிரானைட். அக்காலத்தில் பூமிக்குள்ளிருந்து எழுந்த பாறைக் குழம்பு, தன்னினும் பழைய களிமண் வழிப் பாறைகளுக்குள் புகுந்து, மேலே வந்து சேராமலே ஆறியது. ஆறும்போது நடந்ததை உப்பளம் கண்டவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் உப்பு விளைகிறது. உப்பாகச் சேராத பொருள்களெல்லாம் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் செறிந்து நிற்கின்றன. பாறைக் குழம்பிலும் அப்படியே. முதலில் சாதாரணக் கனிமங்கள் படிகமாகின்றன. அவற்றின் கட்டமைப்புக்குள் இடம் பிடிக்க முடியாத டங்ஸ்டன், லித்தியம், வெள்ளீயம், ஃபுளோரின் போன்றவை எஞ்சிய சூடான நீர்க் கரைசலில் சேர்கின்றன. பாறை ஆறிச் சுருங்கி வெடிக்கும்போது இக்கரைசல் வெடிப்புகளுக்குள் பாய்கிறது. அங்கே சூடும் அழுத்தமும் குறையவே, வெண்மையான குவார்ட்சு படிந்து வெடிப்பை அடைக்கிறது. அந்த வெண்மைக்கிடையே கறுப்புத் தகடுகளாக உல்ஃப்ரமைட் படிகிறது. வெடிப்பின் இரு கரையிலும் உள்ள கிரானைட்டும் அரிக்கப்பட்டு, அப்பிரகமும் குவார்ட்சும் மட்டுமான வேறொரு பாறையாக மாறிவிடுகிறது. டேகானாவில் இவை எல்லாவற்றையும் காணலாம். லித்தியம் கலந்த அப்பிரகமும், புஷ்பராகமும், ஃபுளோரைட்டும்கூட அங்கே உண்டு.

பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலும் மழையும் மலையைக் கரைத்தன. இலேசானவை அடித்துச் செல்லப்பட, கனத்த உல்ஃப்ரமைட் துணுக்குகள் மலையடிவாரத்துச் சரளையில் தங்கின. ஆகவே டேகானாவில் தாது இரு இடங்களில் இருந்தது. ஒன்று மலையின் வயிற்றிலுள்ள வெண்ணரம்புகள். மற்றொன்று சுற்றியுள்ள சமவெளியின் சரளைப் படுகை.

நம் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஏன் இப்படி ஒன்று இல்லை என்று கேட்கலாம். இங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டுபவர்களுக்கு மணலும் களிமண்ணும் அகப்படும். அவற்றின் கீழே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தாவரப் புதைபடிவங்களோடு வெளித்தெரிகின்ற, டைனோசர் காலத்துப் படிவுப் பாறைகள் கிடைக்கும். அடித்தளமாக இருப்பதோ பல்லாவரம் குன்றுகளில் தலைகாட்டும் சார்னோகைட். மிகுந்த ஆழத்தில், கடும் சூட்டில், நீர் வற்றிய நிலையில் உருவான பாறை அது. உல்ஃப்ரமைட் நரம்புகளுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான சூழல்: அதிக ஆழமில்லாத கிரானைட்டும் அதிலிருந்து கசியும் நீரும்.

டேகானாவின் தாது வெளியுலகுக்குத் தெரிந்தது 1914ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போது அது ஜோத்பூர் அரசின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. அக்காலத்தின் நிலவரம் விந்தையானது. பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைக்கப்பட்டிருந்த பர்மாவின் தெற்கே, இன்று டாவெய் எனப்படும் தவாய்ப் பகுதியில் உல்ஃப்ரமைட் ஏராளமாகக் கிடைத்தது. ஆனால் தோண்டிய தாதில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது ஜெர்மனிக்கு. அதைப் பிரித்து உலோகமாக்கும் தொழில் அங்கேதான் வளர்ந்திருந்தது. பிரிட்டனின் எஃகு ஆலைகள் தம் பேரரசின் மண்ணில் விளைந்த பொருளை ஜெர்மானியரிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தன!

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகள் மீது 'எம்டன்' கப்பல் குண்டு வீசியதைத் தமிழர் எவரும் மறக்கவில்லை. கெட்டிக்காரனை 'எம்டன்' என்றழைக்கும் வழக்கமே அதிலிருந்து பிறந்தது. அந்தக் கப்பலை அனுப்பிய நாட்டின் தொழிற்சாலைகளில், உளிகளுக்குக் கடினம் தந்த டங்ஸ்டனில் நம் அண்டை நாடான பர்மாவின் பங்கு இருந்தது என்பதை மட்டும் அவ்வளவாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

போர் மூண்டதும் பிரிட்டன் விழித்துக்கொண்டது. தாது ஜெர்மனிக்குப் போவது நின்றது. தவாயில் உற்பத்தியைப் பெருக்க அரசே முனைந்து, சாலை அமைத்து, ஆட்களைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே உலகின் முதன்மையான டங்ஸ்டன் நாடுகளில் பர்மா ஒன்றாயிற்று. அதனோடு ஒப்பிட டேகானா சிறு குழந்தை. ஆனாலும் போர்க்காலத்தில் சிறிது பெரிது பார்ப்பவர் யார்? ரேவத் மலையிலும் வெட்டு வேலை நடந்தது.

1918இல் போர் முடிந்தது. டங்ஸ்டன் விலையும் சரிந்தது. டேகானாவில் அரவம் அடங்கிற்று.

இரண்டாம் முறை கதை இன்னும் கடுமையாக நடந்தது. அதற்குள் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடு பிறந்திருந்தது. டங்ஸ்டனையும் கரியையும் சேர்த்த மாவைக் கோபால்ட்டோடு அழுத்திச் சுட்டெடுத்தது அது. 1920களின் பிற்பகுதியில் குருப் நிறுவனம் 'வைரம் போன்றது' எனப் பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி 'விடியா' என்ற பெயரில் அதை விற்றது. அம்பத்தூரின் 'விடியா' அங்கிருந்து வந்ததுதான். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. தவாய் போயிற்று. கரென்னி நாட்டில் இருந்த, அக்காலத்து உலகின் மிகப் பெரிய டங்ஸ்டன் சுரங்கங்களுள் ஒன்றான மௌச்சியும் போயிற்று. ஐரோப்பாவில் நடுநிலை நாடான போர்ச்சுகலில் இரு தரப்பாரும் போட்டியிட்டுத் தாது வாங்கினர். தனக்குத் தேவையோ இல்லையோ, எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே நேச நாடுகள் வாங்கிக் குவித்ததும் உண்டு. 1944 ஜூனில் போர்ச்சுகல் ஏற்றுமதியையே நிறுத்தும்வரை இது நடந்தது. இந்தச் சூழ்நிலையில் ரேவத் மலைக்கு மீண்டும் ஆட்கள் வந்தார்கள். போர் முடிந்ததும் மீண்டும் வேலை தளர்ந்தது.

எதனால் இப்படி? டேகானாவின் பாறை ஏழைப் பாறை. நூறு கிலோ பாறையை உடைத்தால் அதில் டங்ஸ்டன் ஆக்சைடு சில நூறு கிராம்கூடத் தேறாத இடங்களே மிகுதி. உலகச் சந்தையில் விற்கும் செறிவூட்டிய தாதிலோ அது 65 விழுக்காடு இருக்க வேண்டும். அதற்குப் பாறையை உடைத்து, பொடித்து, நீரில் அலச வேண்டும். நம் வீடுகளில் அரிசியில் கல் அரிப்பது போன்ற வேலைதான். அலைக்கும்போது அரிசி நீரோடு நகர, கனத்த கல் அடியில் நிற்கிறது. உல்ஃப்ரமைட் குவார்ட்சைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது என்பதால் அதிரும் மேசைகளின் மேல் நீரோடு ஓடவிட்டு இரண்டையும் பிரித்துவிடலாம். உல்ஃப்ரமைட்டைக் காந்தம் மெல்ல இழுக்கும் என்பதும் உதவியாக இருந்தது. ஆனால் கல் அரிக்க நீர் வேண்டும். மார்வாட் வறண்ட நாடு.

சுதந்திரத்துக்குப் பின் நாடு தொழில்மயமாயிற்று. அம்பத்தூரில் 1949இல் சைக்கிள் தொழிற்சாலையும் 1960களில் தொழிற்பேட்டையும் எழுந்தன. டங்ஸ்டன் தேவை வளர்ந்தது. டேகானா அத்தேவையில் சிறு பங்கையே தந்தது என்றாலும், நாட்டில் முறையாக நடந்த டங்ஸ்டன் சுரங்கம் என்று சுட்டிக்காட்ட அதுதான் இருந்தது. மேற்கு வங்கத்தில் பாங்குரா மாவட்டத்துச் செந்தாபத்தரிலும் ஓரளவு தாது எடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் உழைத்து வாழ்ந்த கோலார் தங்கவயலின் பாறையிலும் ஷீலைட் சிறிதளவு உண்டு. புறஊதாக் கதிர் பட்டால் ஷீலைட் இருட்டில் நீலமாக ஒளிரும். தங்கம் எடுத்த பின் குவிந்த கழிவு மேடுகளில் அதைத் தேடினார்கள். புவியியல் ஆய்வுத் துறையினர் ரேவத் மலையைப் பல முறை துளையிட்டு ஆராய்ந்தார்கள். 1980களில் ராஜஸ்தான் அரசு டங்ஸ்டனுக்கென்றே ஒரு தனிக் கழகத்தை அமைத்தது. வெண்ணரம்புகளோடு சரளைப் படுகையையும் பயன்படுத்தத் திட்டங்கள் தீட்டப்பட்டன.

காலம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அதே 1980களில்தான் சீனா தன் டங்ஸ்டனை உலகச் சந்தையில் மலிவாக இறக்கியது. விலை வீழ்ந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சுரங்கங்கள் நின்றன. ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த கொரியாவின் சாங்டாங் சுரங்கமே 1990களின் முற்பகுதியில் மூடப்பட்டது. வளமான பாறைகளுக்கே இக்கதி என்றால் டேகானா எம்மாத்திரம்? 1991க்குப் பின் நம் நாட்டிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ரேவத் மலையின் சுரங்கம் மூடப்பட்டது. தாது தீர்ந்து மூடப்பட்டதன்று. கணக்கு ஒத்துவராமல் மூடப்பட்டது.

நாள்களைச் சேர்த்துப் பார்த்தால் மனம் சற்று உறுத்தத்தான் செய்கிறது. டங்ஸ்டன் கம்பிகளைச் செய்யத் திருச்சியில் தொழிற்சாலை எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆவடியில் அர்ஜுன் டாங்கியின் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அதே வேளையில்தான் நாட்டின் டங்ஸ்டன் சுரங்கம் கதவடைத்தது. நட்டத்தில் ஓடும் சுரங்கத்தை யார் செலவில் நடத்துவது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் ஒரு சுரங்கத்தை மூடுவது சுலபம். நீர் நிறைந்து, தாங்கு கட்டைகள் உளுத்து, வேலை தெரிந்தவர்கள் கலைந்த பிறகு அதைத் திறப்பதற்குப் புதிதாகத் தோண்டுவதைப் போன்ற செலவு பிடிக்கும்.

இன்று உலகின் டங்ஸ்டன் தாதில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2023இல் இந்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் இடம்பெற்றது. அந்த ஆண்டு மே மாதத்தில் டேகானாவின் பெயர் திடீரென்று செய்தித்தாள்களில் அடிபட்டது. அங்கே பெருமளவு லித்தியம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. புவியியல் ஆய்வுத் துறை அவற்றை மறுத்தது. லித்தியம் கலந்த அப்பிரகம் அங்கிருப்பது புவியியலாருக்குப் பழைய செய்தி. அது வெட்டி எடுக்கும் அளவுக்குத் தேறுமா என்பது வேறு கேள்வி. 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன் பொருள்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமக் கட்டுப்பாடு விதித்தது. 1914இலும் 1942இலும் பிரிட்டன் சந்தித்த சங்கடத்தின் சாயல் இதில் தெரிகிறது.

அதற்குச் சற்று முன்பு டங்ஸ்டன் என்ற சொல் தமிழ்நாட்டின் ஊர்தோறும் ஒலித்தது நினைவிருக்கும். மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த நாயக்கர்பட்டியில் 2,015 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டு, 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வு செய்யப்பட்டது. அப்பகுதிக்குள் அரிட்டாபட்டியின் பல்லுயிர் மரபுத் தலமும் அடங்கியிருந்தது. தமிழிப் பொறிப்பும் குடைவரைக் கோயிலும் சுனைகளும் உள்ள குன்றுகள் அவை. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2024 டிசம்பர் 9 அன்று சட்டப் பேரவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. அந்த மக்களின் அச்சத்தைப் புரிந்துகொள்ள டேகானாவின் கணக்கே போதும். ஏழைத் தாது என்றால் பொருள் இதுதான்: சிறிது டங்ஸ்டனுக்காக ஒரு மலையையே பொடியாக்க வேண்டும். பொடியில் ஏறத்தாழ முழுவதும் கழிவாக அங்கேயே குவியும்.

அம்பத்தூர்ப் பட்டறைக்குத் திரும்புவோம். லேத்தின் அருகே ஒரு பழைய டப்பா இருக்கிறது. முனை மழுங்கிய டிப்புகளை அதில் போட்டு வைக்கிறார்கள். நிறைந்ததும் பழைய இரும்போடு சேர்க்காமல் தனியாக, கிலோக் கணக்கில், நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதன் எடையில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் டங்ஸ்டன் என்பது வாங்குபவருக்குத் தெரியும். ஆயிரத்தில் ஒரு பங்கு டங்ஸ்டன் ஆக்சைடு கொண்ட பாறையில், சேதாரமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஒரு டன்னுக்கும் மேல் உடைத்தால்தான் அந்த டப்பாவின் ஒரு கிலோவில் உள்ள அளவு டங்ஸ்டன் கிடைக்கும்.